மிஸ் கையால் வந்த பீட்சா கூப்பன்

கொங்குப் பகுதியில் ஒரு நகரத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இந்த வாரம் வந்தது. ஊர், பள்ளி, நிறுவனம் எதுவும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அறக்கட்டளை நடத்தும் சிபிஎஸ்இ பள்ளி, சுமார் 1,400 பிள்ளைகள். இவர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் செயற்குழு உறுப்பினர். பெண் பிள்ளைகளுக்குப் புதிய கழிப்பறைகள் கட்டவும், கூடைப்பந்து மைதானத்துக்குத் தரை போடவும் 9 லட்சம் தேவை என்று நிர்வாகம் கழகத்திடம் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில், பைபாஸ் சாலையில் புதிதாகக் கடை திறந்திருக்கும் ஒரு பீட்சா, பர்கர் நிறுவனம் ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தருவதாக முன்வந்திருக்கிறது. பதிலுக்கு விளையாட்டு விழாவில் அதன் பேனர்கள் வைக்க வேண்டும். பிராக்ரஸ் ரிப்போர்ட்டுடன் பிள்ளைகளுக்குக் கூப்பன் தர வேண்டும். மாதம் ஒரு நாள் ‘ஸ்கூல் நைட்’ என்று குடும்பங்கள் அந்தக் கடைக்கு வந்து சாப்பிட வேண்டும். அன்றைய பில்லில் 10 சதவீதம் பள்ளிக்கு. ஆசிரியர்கள் சிலர் அன்று கடையில் நின்று பரிமாறினால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே முதல் கூப்பன் வீட்டுக்கு வந்துவிட்டது. பின்புறம் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோரின் செல்பேசி எண் எழுதக் கட்டங்கள். “இதெல்லாம் வேண்டாம்மா” என்று தாய் சொன்னதற்கு, “மிஸ்தானே கொடுத்தாங்க, அப்ப நல்லதுதானே?” என்று கேட்டாளாம் மகள்.

செயற்குழுவில் இவர் எதிர்த்துப் பேசியிருக்கிறார். “சும்மா வர்ற பணத்தை ஏன் தடுக்கறீங்க?”, “உங்க வீட்ல பீட்சாவே வாங்கறதில்லையா?” என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள். 14-ஆம் தேதி பொதுக்கூட்டம். இதற்குச் சட்டத்தில் தடை உண்டா, போலீசில் புகார் தரலாமா, வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் உண்மையைப் போட்டு உடைக்கலாமா, எதிர்த்தால் மகளுக்கு டிசி கொடுத்துவிடுவார்களா, கழகம் பெரும்பான்மையாக முடிவெடுத்துவிட்டால் அதோடு கதை முடிந்ததா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசி வரியில், “நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?” என்ற கேள்வியும் இருந்தது.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பெரிதாக்கவில்லை. உங்கள் மகள் ஒரே வரியில் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டாள். பைபாஸ் சாலையில் பெரிய ஹோர்டிங் வைக்க அந்தக் கம்பெனிக்கு வசதி உண்டு. ஹோர்டிங்கைப் பார்க்கும் குழந்தைக்கு அது விளம்பரம் என்று ஓரளவு தெரியும். அதே படம் வகுப்பாசிரியையின் கையால், மதிப்பெண் அட்டையோடு சேர்ந்து வரும்போது அவளுக்கு அது விளம்பரமாகத் தெரியாது. பள்ளியில் கொடுப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பும் மண் இது. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. 2022-இல் காலை உணவும் தொடங்கியது. ஆண்டுக்கு 3 லட்சம் கொடுத்து அந்த நிறுவனம் வாங்கப் பார்ப்பது இந்த நம்பிக்கையைத்தான். அதை விற்கும் உரிமை கழகத்துக்கும் இல்லை, தாளாளருக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கருத்து இருக்கட்டும், சட்டத்துக்கு வருவோம்.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2010-இல் ஒரு பொதுநல வழக்கு தாக்கலானது. பள்ளிகளிலும் பள்ளிகளைச் சுற்றியும் நொறுக்குத் தீனி விற்பதைக் கட்டுப்படுத்தக் கேட்ட வழக்கு அது. 2015-இல் தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் பள்ளிக் குழந்தைகளின் உணவு பற்றித் தனி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. 2021 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன.

நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, சோடியம் ஆகியவை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளோ, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கிறது இந்த விதி. இதுவரை பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காத பகுதி அடுத்தது: விளம்பரப்படுத்தவும் கூடாது, இலவசமாகக் கொடுக்கவும் கூடாது, பிறர் அப்படிச் செய்ய அனுமதிக்கவும் கூடாது. இந்தத் தடையைச் சொல்லும் பலகையை வாசலில் வைப்பதும் பள்ளியின் கடமை. உங்கள் பள்ளி வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் அதைவிடப் பெரிய வாதம் வேண்டாம். 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளைச் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியதும் நினைவிருக்கும். எந்தத் தின்பண்டத்தில், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் பலகை அது. அதை ஒரு சுவரில் மாட்டிவிட்டு, எதிர்ச் சுவரில் குளிர்பானத்தோடு பர்கர் படம் போட்ட பேனரைக் கட்ட முடியாது.

ஆக, வகுப்பறையில் கொடுத்த கூப்பன் இந்தத் தடைக்குள் வருகிறது என்று தயங்காமல் சொல்வேன். விளையாட்டு விழாவில் பீட்சா படம் போட்ட பேனரும் அப்படியே. பொருளின் படமே இல்லாமல் வெறும் கம்பெனிப் பெயரை மட்டும் போட்டால், “நாங்கள் உணவை விளம்பரம் செய்யவில்லையே” என்று அவர்கள் தரப்பு வாதம் வைக்க இடமுண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரே பீட்சாதான். ஆனால் வாதம் இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

“எங்கள் பீட்சா அந்த வகையில் வராது” என்றும் சொல்வார்கள். டெல்லி வழக்கின்போது தயாரான வழிகாட்டுதல்களில் சிப்ஸ், குளிர்பானம், நூடுல்ஸ், பீட்சா, பர்கர், உருளை வறுவல் எல்லாம் பெயர் சொல்லியே இடம்பெற்றன. அது போதாதென்றால் நேராக ஊட்டச்சத்து விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் ஒவ்வோர் உணவுக்கும் கலோரி அளவைப் போட வேண்டும் என்பது இப்போது சட்டம். கடைக்குப் போனால் நீங்களே பார்க்கலாம்.

இனி நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஓரிடம். ‘ஸ்கூல் நைட்’டும் சட்டவிரோதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடை பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 50 மீட்டர் விதி அங்கே எட்டாது. அந்த நிகழ்ச்சிக்கான நோட்டீசைப் பள்ளியில் ஒட்டினாலோ பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பினாலோ அது வளாகத்துக்குள் செய்யும் விளம்பரம், அதைக் கேட்கலாம். ஆனால் ஒரு குடும்பம் சனிக்கிழமை இரவு அங்கே போய்ச் சாப்பிடுவதை எந்தச் சட்டமும் தடுக்காது, தடுக்கவும் கூடாது. உங்கள் வீட்டில் எப்போதாவது பீட்சா வாங்குகிறீர்கள் என்றால் அதற்காகவும் கூச்சப்பட வேண்டாம். பெற்றோர் தன் காசில் தன் பிள்ளைக்கு வாங்கித் தருவதும், பள்ளி அதைச் சிபாரிசு செய்வதும் வேறு வேறு.

‘ஸ்கூல் நைட்’ கணக்கு

இந்தப் பகுதியைச் சட்டத்தால் தடுக்க முடியாது. கணக்கால் முடியும். ஒரு மாலையில் 200 குடும்பங்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் 1,200 ரூபாய்க்குச் சாப்பிடுகிறது என்று வையுங்கள். பெற்றோர் கையிலிருந்து போவது 2 லட்சத்து 40 ஆயிரம். பள்ளிக்கு வருவது 24 ஆயிரம். ஒரு குடும்பம் பள்ளிக்குக் கொடுத்தது 120 ரூபாய். அந்த 120 ரூபாயை நேராகக் கொடுத்திருந்தால் மீதி 1,080 வீட்டிலேயே இருந்திருக்கும். பெரிய தொகையான அந்த 3 லட்சத்தையும் 1,400 பிள்ளைகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 214 ரூபாய், மாதத்துக்கு 18 ரூபாய்க்கும் குறைவு. கூட்டத்தில் வேறு எதையும் பேச நேரம் கிடைக்காவிட்டாலும் இந்த எண்ணை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த யோசனை இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் செமினோல் கவுண்டி என்ற இடத்தில், 2007-ஆம் ஆண்டு மதிப்பெண் அட்டையின் உறையில் மெக்டொனால்ட்ஸ் விளம்பரம் அச்சிட்டார்கள். நல்ல மதிப்பெண் வாங்கினால் ஒரு ஹேப்பி மீல் இலவசம் என்று. சுமார் 27,000 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அது போனது. பதிலுக்கு அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது அச்சுச் செலவை மட்டும், ஏறத்தாழ 1,600 டாலர். ஒரு பிள்ளைக்கு ஆறு சென்ட் என்று கணக்கு வருகிறது. ஒரு தாய் புகார் சொன்னார், செய்தி பரவியது, 2008 ஜனவரியில் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. உங்களைப் போல ஒரே ஒருவர் தொடங்கி வைத்ததுதான்.

ஆசிரியர்கள் கடையில் நின்று பரிமாறுவதும் அங்கிருந்தே வந்த வழக்கம். ‘மெக்டீச்சர்ஸ் நைட்’ என்று பெயர். 2015-இல் அமெரிக்காவின் தேசியக் கல்விச் சங்கம் உட்பட 50-க்கும் மேற்பட்ட ஆசிரியர் சங்கங்கள் இதை நிறுத்தச் சொல்லி அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதின. ஆசிரியர்களே வேண்டாம் என்றார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பள்ளி ஆசிரியர்களிடம் யாராவது தனியாகக் கேட்டார்களா? நிர்வாகம் சொன்னால் மறுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் அவர்கள். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கூப்பனால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். மூன்று முதல் ஐந்து வயதுள்ள 63 பிள்ளைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் தாளில், இன்னொன்று மெக்டொனால்ட்ஸ் தாளில். பெயர் போட்ட தாளில் இருந்ததே ருசி என்று அதிகம் பேர் சொன்னார்கள். கேரட்டுக்கும் அப்படித்தான், பாலுக்கும் அப்படித்தான். உலக சுகாதார அமைப்பு 2010-இலேயே, பள்ளிகள் போன்று குழந்தைகள் கூடும் இடங்களில் இத்தகைய உணவுகளின் விளம்பரம் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுதான்.

“இது சிஎஸ்ஆர் பணம்” என்பது பற்றி

சிஎஸ்ஆர் என்பது பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டப் பொறுப்பு. இது அந்தப் பணம் என்று கம்பெனி ஆள் சொன்னதாகவும், அதனால் எதிர்க்க முடியாதோ என்று நீங்கள் தயங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டும் நிறுவனத்துக்குத்தான் சிஎஸ்ஆர் கட்டாயம். உள்ளூரில் உரிமம் எடுத்துக் கடை நடத்துபவர் அந்த வரம்புக்குள் வருவாரா என்பதே முதல் கேள்வி. வந்தாலும், 2021-இல் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகள், தன் பொருளுக்கு விளம்பரப் பலன் தேடி ஸ்பான்சர் செய்யும் செலவைச் சிஎஸ்ஆர் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்கின்றன. கூப்பனும் பேனரும் கேட்டால் அது சிஎஸ்ஆர் இல்லை. உண்மையிலேயே சிஎஸ்ஆர் என்றால் கூப்பனும் பேனரும் கேட்க முடியாது.

ஆகவே கூட்டத்தில் நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை எளிமையானது: “பணத்தைக் கொடுக்கட்டும், நன்றி சொல்லிக் கடிதம் தருகிறோம். பேனர், கூப்பன், ஸ்கூல் நைட் மூன்றும் வேண்டாம்.” சம்மதித்தால் நல்லது, வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால் அது நன்கொடை இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். விளம்பரத்துக்குக் கைம்மாறாக வாங்கும் பணத்தை நன்கொடை என்று ரசீது போட்டால் அறக்கட்டளைக்கு வருமான வரியிலும் ஜிஎஸ்டியிலும் கேள்விகள் வரும். தாளாளர் உங்கள் வாதங்கள் எதையும் கேட்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் சொல்வதைக் கேட்பார். “ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கலாமே” என்று அமைதியாக ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

ஒப்பந்த வரைவையும் கேளுங்கள். நான் பார்த்த ஒரு பள்ளி ஒப்பந்தத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தப் பானமும் வளாகத்துக்குள் வரக் கூடாது என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் அதைப் படிக்கவே இல்லை. எத்தனை ஆண்டு, தானாகப் புதுப்பிக்குமா, நடுவில் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, இந்த மூன்றையும் பாருங்கள்.

கூப்பனின் பின்புறக் கட்டங்களும் சாதாரணமானவை இல்லை. 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழுள்ளவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. இந்தச் சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. என்றாலும், பிள்ளைகளின் பிறந்த நாளை எந்தக் கம்பெனிக்கும் பள்ளி வழியாகத் தரக் கூடாது என்று இப்போதே தீர்மானம் போடலாம்.

பெரும்பான்மை முடிவு, போலீஸ், வாட்ஸ்அப், டிசி

கழகம் கை தூக்கி ஒப்புதல் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். விதி தடுத்த ஒன்றைத் தீர்மானத்தால் அனுமதிக்க முடியாது. உங்கள் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் பிரதிநிதிகளிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

போலீசுக்குப் போகாதீர்கள். இது அவர்கள் எடுக்கும் வழக்கு இல்லை. முதலில் பள்ளி முதல்வருக்குக் கடிதம், பதினைந்து நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் மனு. கூப்பனின் நகல், கிடைத்த தேதி, யார் கொடுத்தது, இவ்வளவு இருந்தால் போதும். அவர்கள் வழக்கமாக முதலில் நோட்டீஸ் கொடுப்பார்கள், பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் ‘போட்டு உடைக்கும்’ எண்ணத்தைக் கைவிடுங்கள். நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த செய்தியில் அந்தக் கடை உணவை ‘விஷம்’ என்றும், தாளாளர் ‘கமிஷன் வாங்கிவிட்டார்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் உங்களிடம் ஆதாரம் இல்லை. அவதூறு வழக்குக்கு அந்த இரண்டு சொற்கள் போதும். அப்புறம் பேச்சு பிள்ளைகளைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றித்தான் இருக்கும். விதி என்ன சொல்கிறது, கணக்கு என்ன வருகிறது, இவற்றை மட்டும் எழுதுங்கள்.

டிசி பயம் எனக்குப் புரிகிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. மனரீதியாகத் துன்புறுத்துவதை 17-ஆவது பிரிவு தடுக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது, உங்கள் பள்ளி அப்படி இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சட்டம் இருந்தாலும் வகுப்பில் ஒரு முகச்சுளிப்பு பிள்ளையைக் காயப்படுத்தும் என்பதும் உண்மை. அதனால் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். கூப்பன் கொடுத்த மிஸ்ஸின் பெயரை எந்த மனுவிலும் தனிப்பட்ட குற்றமாக எழுதாதீர்கள், அவர் சொன்னதைச் செய்தவர்.

9 லட்சத்துக்கு என்ன வழி

“வேண்டாம் என்பவர் வழி சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதலில் அந்த 9 லட்சத்தைப் பிரியுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கும் அடிப்படை வசதி. அதைக் கட்டித் தருவது நிர்வாகத்தின் கடமை, நீங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து. கழகத்தின் தலையிலோ பீட்சாக் கடையின் தலையிலோ அதைக் கட்டுவதை ஏற்காதீர்கள். இதை நீங்கள் கடிதத்தில் எங்குமே கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

மீதி, கூடைப்பந்துத் தரை. உங்கள் ஊரில் பம்பு செட் தயாரிப்பவர்கள், பின்னலாடை, நூற்பாலைக்காரர்கள் இல்லாமலா இருப்பார்கள்? உணவு விற்காத நிறுவனத்தின் பெயரை நன்றிப் பலகையில் போடுவதில் மேலே சொன்ன தடை எதுவும் வராது. பழைய மாணவர்களைக் கேளுங்கள். அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 80ஜி பதிவு இருந்தால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கலாம். விருப்பமுள்ள பெற்றோர் மட்டும் மாதம் 50 ரூபாய் தரலாம், கட்டாயம் என்ற பேச்சே வரக் கூடாது.

உணவுத் திருவிழா நடத்தலாம் என்று நீங்களே ஒரு யோசனை எழுதியிருக்கிறீர்கள். நடத்துங்கள், ஆனால் அங்கே பஜ்ஜியும் பாக்கெட் முறுக்கும் கூல் டிரிங்க்ஸும் வைத்தால் நீங்கள் காட்டிய அதே விதியை உங்களிடம் காட்டுவார்கள். பீட்சா வெளியூர்ப் பண்டம், முறுக்கு நம் பண்டம் என்ற வேறுபாடு அந்த விதியில் இல்லை. சுண்டல், கொழுக்கட்டை, கம்மங்கூழ், பழங்கள் என்று போகலாம். தற்காலிகக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அதை முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

14-ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் ஒப்பந்த வரைவு கைக்குக் கிடைத்தால் நகலை எனக்கு அனுப்புங்கள். கூப்பனைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம், மனுவோடு இணைக்க அது வேண்டும். மகளிடம், மிஸ் மேல் தப்பில்லை, அந்தக் கடைக்காரர் தான் கொடுக்க வேண்டியதை மிஸ் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும்.